நிலத்தைக் காத்து வழியை இழப்பதா?

மட்டாஞ்சேரியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எவற்றையெல்லாம் பாதுகாக்கிறோம் என்று பட்டியலிட்டால் அது நீளமானது. அரண்மனை, யூதர் தொழுகைக்கூடம், கோயில்கள், பள்ளிவாசல்கள், பண்டகசாலைகள், கோட்டைக் கொச்சியின் தூங்குமூஞ்சி மரங்கள் எல்லாம் அதில் வரும். காயலுக்கு அப்பால் எர்ணாகுளத்தின் மங்களவனமும், தெற்கே கும்பளங்கி, செல்லானம் பக்கத்துப் பொக்காளி வயல்களும் சேரும். இவற்றுக்கிடையே மக்கள் நடந்து பழகிய வழிகள் மட்டும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. கடவுக்கு இறங்கும் சந்து, தோடு என்று இங்கே வழங்கும் கால்வாயின் கரை, வயல் வரம்பு, துணி உலர்த்தும் மைதானத்தைக் குறுக்கே கடக்கும் ஒற்றையடிப் பாதை ஆகியவற்றை யாரும் பாரம்பரியம் என்று எண்ணுவதில்லை. அவை மறையும்போது ஓர் எதிர்ப்பு மனுகூட எழுவதில்லை.

இந்தப் பதிவில் நான் முன்வைக்க விரும்புவது ஒரே ஒரு கருத்து. ஒரு நிலத்தைப் பாதுகாக்கும் திட்டம், அந்த நிலத்தில் ஏற்கெனவே நடந்து வந்தவர்களின் வழியைப் பதிவு செய்யாமல் தொடங்குமானால், அது இரண்டு முடிவுகளில் ஒன்றையே அடையும். நிலம் வேலிக்குள் போகும். அல்லது வேடிக்கை பார்ப்போருக்கான காட்சிப்பொருளாகும். இரண்டிலும் அந்நிலத்தை அதுவரை காத்தவர்கள் வெளியே நிற்பார்கள். ஆகவே புதிய நடைபாதைகளை அமைப்பதற்கு முன்பு பழைய வழிகளைக் கணக்கெடுக்க வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். தமிழிலும் மலையாளத்திலும் பொதுவாக இருக்கும் அச்சொல் 'புறம்போக்கு'. இன்று அது வசைச்சொல்லாகிவிட்டது. வருவாய்த்துறைப் பதிவேடுகளில் அது வரி விதிப்புக்குப் புறத்தே வைக்கப்பட்ட நிலம் என்ற பொருளையே கொண்டது. தனியொருவர் உழுது வரி கட்ட வேண்டாத நிலம், பொதுப் பயனுக்கு என்று ஒதுக்கிய நிலம். தமிழகத்தின் கிராமக் கணக்குகளில் மேய்க்கால் புறம்போக்கு, களம் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்பவற்றோடு வண்டிப்பாதைப் புறம்போக்கு, நடைபாதைப் புறம்போக்கு என்ற வகைகளும் உண்டு. ஒரு பாதை தன்னளவில் ஒரு நிலம், அதற்கும் ஓர் எண், ஓர் அளவு உண்டு என்று அக்கணக்கு ஒப்புக்கொண்டது. கேரளத்திலும் தோட்டுப் புறம்போக்கு, சாலைப் புறம்போக்கு என்னும் வழக்குகள் உள்ளன. ஆனால் நகரம் வளர்ந்த இடங்களில் இந்த வகைப்பாடு பாதையைக் காக்கும் கருவியாக இருப்பதை விட, பாதையோரத்தில் குடிசை போட்டவரை அகற்றும் கருவியாகவே அதிகம் பயன்படுகிறது. பொதுநிலம் என்ற கருத்தே ஏழைக்கு எதிராகத் திரும்பிவிட்ட இந்த நிலையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பாதைகளைப் பற்றிப் பேச வேண்டும்.

மட்டாஞ்சேரியின் நில அமைப்பை எடுத்துக்கொள்வோம். 1341ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டதாகவும், அதன் பிறகு பழைய முசிறியின் இடத்தைக் கொச்சி பிடித்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. போர்த்துகீசியர் 1555 அளவில் கட்டி வீர கேரள வர்மனுக்கு அளித்த அரண்மனை, ஒரு நூற்றாண்டுக்குப் பின் டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றது. பரதேசித் தொழுகைக்கூடம் 1568இல் எழுந்தது. அரண்மனை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. 2010இல் திருத்தப்பட்ட நினைவுச்சின்னச் சட்டத்தின்படி, காக்கப்பட்ட சின்னம் ஒன்றின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இந்த வட்டத்துக்குள் ஒரு வீட்டின் மாடியை உயர்த்தினால் சட்டம் கேள்வி கேட்கும். அதே வட்டத்துக்குள் ஒரு சந்தின் வாயிலில் இரும்புக் கதவு போட்டு மூடினால், அது சின்னத்துக்கு நேர்ந்த பாதிப்பாகப் பெரும்பாலும் கருதப்படாது. கல்லைக் காக்கும் சட்டத்தின் கண்ணுக்கு, கல்லை அடையும் வழி தெரிவதில்லை.

மட்டாஞ்சேரியிலிருந்து கல்வத்தி நோக்கிச் செல்லும் பஜார் சாலையின் பண்டகசாலைகளைக் கவனித்தால் இன்னொன்று புலப்படும். அவற்றின் ஒரு வாயில் தெருவை நோக்கியும் மறு வாயில் காயலை நோக்கியும் இருக்கும். மிளகும் அரிசியும் நீர்வழி வந்து ஒரு வாயிலில் இறங்கி மறு வாயில் வழியாக வெளியேறின. எனவே காயற்கரை நெடுகத் தொடர்ந்து நடக்கும் பொதுப்பாதை இங்கே இயல்பாக இருந்திருக்க வழியில்லை. பொதுமக்கள் நீரை அடைந்தது, சாலைக்குக் குறுக்காக ஓடும் கடவுச் சந்துகள் வழியாகத்தான். இன்று நகர அழகுபடுத்தும் திட்டங்கள் எங்கும் முன்வைக்கும் மாதிரி கரையை ஒட்டிய நீண்ட உலாப்பாதை. கல்பாவி, விளக்குக் கம்பம் நட்டு, இருக்கை போட்ட அப்பாதைகளை நான் குறை கூறவில்லை. மாலையில் குழந்தைகளோடு நடக்க இடமில்லாத ஊருக்கு அவை தேவை. ஆனால் அவற்றைப் 'பாரம்பரியத்தை மீட்டல்' என்று அழைப்பது பிழை. அவை கரைக்கு இணையாக ஓடுபவை. இந்த ஊரின் பழைய வழிகளோ கரைக்குச் செங்குத்தானவை. இணைப்பாதை வரும்போது குறுக்குச் சந்துகளின் முனை அடைபட்டால், மீன் வாங்கவும் படகு ஏறவும் இறங்கியவர் இரு தெரு சுற்றிப் போக வேண்டும். கொச்சி நீர் மெட்ரோ 2023இல் தொடங்கியது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் அதன் துறை வந்தது. மிக நல்ல செய்தி இது. படகு மீண்டும் இந்த ஊரின் வாகனமாகிறது என்றால், படகுத்துறைக்கு இறங்கும் சந்துகளுக்கும் அதே மதிப்பு கிடைக்க வேண்டும் அல்லவா?

இதே மேற்குக் கொச்சியில், எந்தப் பாதுகாப்புச் சட்டமும் இல்லாமல் திறந்தவெளியாகவே நீடிக்கும் நிலம் ஒன்று உண்டு. கோட்டைக் கொச்சி வேளிப் பகுதியிலுள்ள தோபி கானா அது. படையினரின் துணி வெளுப்பதற்காக ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வேலை செய்கிறார்கள். துவைக்கும் கூடம் 1970களில் வளர்ச்சி ஆணையத்தால் கட்டப்பட்டது. வண்ணார் சங்கம் அதை நடத்துகிறது. கூடத்தை விட முக்கியமானது அதை ஒட்டிய மைதானம். இரட்டையாக முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி, கவ்வி எதுவும் இன்றி வரிசை வரிசையாக உலர்த்துகிறார்கள். அதற்கு வெயிலும் காற்றும் தடையின்றிப் படும் வெட்டவெளி தேவை. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் ஒரு சுற்றுலா நகரத்தின் நடுவில் அந்த வெட்டவெளி மிஞ்சியிருப்பதற்குக் காரணம் அங்கே நாள்தோறும் நடக்கும் உழைப்பு. கயிற்று வரிசைகளுக்கிடையே ஈரத்துணி சுமந்து நடப்பவர்களின் காலடித் தடங்களே அந்நிலத்தின் எல்லைக்கல்.

தமிழ் ஆய்வாளர்களாகிய நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. பாண்டிக்குடி என்ற பெயரையே ஊருக்குள் வைத்திருக்கும் மட்டாஞ்சேரியில் தமிழரின் தடம் கல்வெட்டிலோ கோபுரத்திலோ இல்லை. இப்படிப்பட்ட தொழில் நிலங்களில்தான் இருக்கிறது. தோபி கானா இன்று சுற்றுலா வழிகாட்டிகளில் இடம்பெற்றுவிட்டது. பயணிகள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அதனால் வேலை செய்பவர்களுக்குச் சிறிது வருமானமும் கவனமும் கிடைக்கின்றன. நாளைக்குத் துவைக்கும் தொழில் நலிந்தால் அந்த மைதானம் என்னவாகும்? ஒரு கல்தொட்டியை மட்டும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, மைதானத்தை வாகன நிறுத்தமாக்கிவிட்டு, 'பாரம்பரியத்தைப் பாதுகாத்தோம்' என்று பலகை எழுதும் ஆபத்து கற்பனை அன்று. நாட்டின் பல நகரங்களில் தொழிற்கூடங்களுக்கு நேர்ந்தது அதுவே. தொழிலைச் சாதிக் கடமையாக்கி அடுத்த தலைமுறையை அதில் கட்டிப்போட வேண்டும் என்பது என் வாதம் அன்று. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகட்டும், போகவே வேண்டும். ஆனால் அவர்களுடைய முன்னோர் உழைப்பால் காத்துத் தந்த வெட்டவெளியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் மேசையில் அவர்களுக்கு முதல் இருக்கை வேண்டும்.

நடத்தல் என்பது இம்மண்ணில் ஒருபோதும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1913இல் கொச்சிக் காயலில் ஒரு மாநாடு நடந்தது. எர்ணாகுளத்தின் பொது இடங்களில் புலையர் கூடிப் பேச இடமில்லை. ஆகவே பண்டிட் கருப்பன் முதலியோரின் முயற்சியில் படகுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, நீரின் மேல் கூட்டம் நடத்தினார்கள். காயல் சம்மேளனம் என்று கேரள வரலாறு அதை நினைவில் வைத்திருக்கிறது. நிலம் மன்னருடையதாகவும் கோயிலுடையதாகவும் மேல்சாதியாருடையதாகவும் இருந்தபோது, உரிமை கொண்டாட யாரும் இல்லாத நீர்ப்பரப்பே அவர்களின் பொதுவெளி ஆனது. பதினோர் ஆண்டுகளுக்குப் பின், வேம்பநாட்டுக் காயலின் கரையிலேயே உள்ள வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30 அன்று போராட்டம் தொடங்கியது. பெரியார் அதில் இருமுறை சிறை சென்றதைத் தமிழகத்தில் அறியாதவர் இலர். 1925இல் அது முடிவுக்கு வந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் அனைவருக்கும் திறந்தன. கிழக்குத் தெரு அப்போதும் திறக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் சாதி எழுப்பிய தடையை, இன்று நுழைவுச்சீட்டும் காவலரும் தனியார் வாயிலும் வேறு வடிவில் எழுப்புகின்றன என்று சொன்னால் மிகை எனத் தோன்றலாம். இரண்டும் ஒன்று என்று நானும் கூறவில்லை. ஆனால் ஒரு பாதையைப் பற்றிய முதல் கேள்வி 'எவ்வளவு அழகாக இருக்கிறது' என்பதாக இருக்கக் கூடாது, 'யார் நடக்கலாம்' என்பதாகவே இருக்க வேண்டும் என்பதை இந்த வரலாறு நமக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

இப்போது சற்றுத் தெற்கே, கும்பளங்கி, செல்லானம் பக்கம் போவோம். நகரத்தின் நெரிசலை விட்டு விலகிய இந்த ஊர்களில் பாதுகாக்க வேண்டிய நிலம் என்று நாம் சொல்வது பொக்காளி வயலை. கடல்நீர் ஏறி இறங்கும் தாழ்நிலம் அது. சூன் மாதத்தில் பருவமழை உப்பைக் கழுவியதும், மண்ணைச் சிறுசிறு மேடுகளாகக் கூட்டி அவற்றின்மேல் விதைப்பார்கள். நாற்று வளர்ந்ததும் மேட்டைக் கலைத்துப் பரப்புவார்கள். உரமோ பூச்சிக்கொல்லியோ இல்லாமல் ஆளுயரம் வளரும் நெல்லில் கதிரை மட்டும் அறுத்துத் தாளை நீரிலேயே விடுவார்கள். அத்தாள் அழுகி, நவம்பர் முதல் ஏப்ரல் வரை தூம்பு வழியாக உள்ளே வரும் இறாலுக்கு உணவாகும். இறாலின் கழிவு மறுபடியும் நெல்லுக்கு எரு. புவிசார் குறியீடு பெற்ற இந்நெல்லைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. வரம்பைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

பொக்காளி வயலின் வரம்பு வெறும் எல்லை அன்று, அதுவே பாதை. நண்டு துளைத்த பொந்தை அடைக்கவும், தூம்பின் பலகையைத் தூக்கி இறக்கவும், கரைந்த இடத்தில் சேற்றை வாரி அப்பவும் யாராவது அதன்மேல் நாள்தோறும் நடந்தாக வேண்டும். அப்படி நடப்பதால் வரம்பு உறுதிப்படுகிறது. உறுதியாக இருப்பதால் ஊரார் அதன்மேல் நடக்கிறார்கள். நெல்லை விட்டுவிட்டு ஆண்டு முழுவதும் இறால் வளர்க்கக் குத்தகைக்கு விடும்போது இந்தச் சுழற்சி அறுபடுகிறது. வயல் எந்நாளும் உப்புநீரில் நிற்கிறது. சுற்றியுள்ள வீடுகளின் சுவரில் உப்பு ஏறுகிறது. வரம்பில் நடக்கக் குத்தகைக்காரரின் அனுமதி வேண்டியிருக்கிறது. ஒரு நெல் ஒரு மீன் என்ற பழைய முறையை வலியுறுத்துவோர் பயிர்ச்சுழற்சியைப் பற்றியே பேசுகிறார்கள். வரம்பில் நடக்கும் உரிமையையும் அதனோடு சேர்த்துக் கேட்டால், வயலைக் கண்காணிக்க ஊரே இருக்கும். வேம்பநாட்டு ஈரநிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 1,500 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு. கேரள நெல்வயல் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008இல் வந்தது. அத்தனை பெரிய பரப்பை அலுவலகத்தில் இருந்துகொண்டு காக்க எந்தத் துறையாலும் இயலாது. இரவில் மண் லாரி வந்து வயலைத் தூர்ப்பதை முதலில் காண்பவர், அந்த வழியே விடியற்காலையில் நடப்பவர்தான்.

நடக்கும் வழியிலிருந்தே ஒரு பாதுகாப்பு முயற்சி பிறந்ததற்குக் கேரளத்தில் நல்ல சான்று உண்டு. கண்ணூர் மாவட்டம் பழயங்காடிக்கு அருகே 1989இல் அலையாத்திச் செடிகளை நடத் தொடங்கிய கல்லேன் பொக்குடன், ஆற்றோர வரம்பின் வழியாகப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளைக் காற்றும் மழையும் அலைக்கழிப்பதைக் கண்டே அந்த வேலையில் இறங்கினார். அவர் கானியல் பட்டம் பெற்றவர் அல்லர். புலையர் சமூகத்தில் பிறந்த விவசாயத் தொழிலாளி, அரசியல் செயல்பாட்டாளர். பாதைக்குத் துணையாக நட்ட செடிகள் காடாகின. பின்னர் அறிஞர்கள் அக்காட்டைத் தேடி வந்தார்கள். 2015இல் அவர் மறையும்போது அலையாத்தி என்றால் பொக்குடன் என்று மலையாளிகள் அனைவரும் அறிந்திருந்தனர். பாதுகாப்பு முன்னே, பாதை பின்னே என்னும் வரிசையை அவர் வாழ்க்கை தலைகீழாக்கியது. பிள்ளைகளின் நடைக்கு ஒரு காப்பு தேவைப்பட்டது. அக்காப்பே பின்பு கடலோரத்துக்கும் காப்பாயிற்று.

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லா நிலத்திலும் எல்லாரும் நடக்க வேண்டும் என்று நான் கேட்பதாகக் கொள்ள வேண்டாம். எர்ணாகுளத்தின் மங்களவனம் இதற்கு எதிரான பாடத்தைத் தருகிறது. கேரள உயர் நீதிமன்றத்தின் பின்புறம், கட்டடங்களுக்கும் பழைய இரயில் நிலத்துக்கும் நடுவே, 2.74 ஹெக்டேர் பரப்பில் ஒடுங்கி நிற்கும் அலையாத்திக் காடு அது. 2004இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒரு சிறு கால்வாய் வழியாகவே காயலின் ஏற்றவற்றம் அதற்குள் போய்வருகிறது. இராக்கொக்கும் நீர்க்காகமும் அங்கே கூடு கட்டுகின்றன. இவ்வளவு சிறிய இடத்தின் நடுவே மரப்பாலம் ஒன்றை அமைத்து நூற்றுக்கணக்கானோரை அனுப்பினால் பறவைகள் போய்விடும். பறவைகள் போன பின் அந்தப் பாலத்துக்கும் பொருள் இராது. அங்கே விளிம்போடு நின்று பார்ப்பதே முறை. ஆனால் அங்கும் காப்பு என்பது வேலியால் மட்டும் வந்துவிடாது. சுற்றிலும் எழும் உயர்கட்டடங்களும், கால்வாயை அடைக்கும் குப்பையும் வேலிக்கு வெளியே இருந்தே அதைக் கொல்லக்கூடியவை. கால்வாயின் போக்கை ஒட்டி மக்கள் நடக்கும் ஒரு வழி இருந்தால், அது அடைபடுவது மறுநாளே தெரியும். உள்ளே அமைதி, வெளியே கண்காணிப்பு என்பதே மங்களவனத்துக்கு ஏற்ற முறை.

தமிழகத்தில் இதே கேள்விக்குக் கிடைத்த இரண்டு விடைகளை இங்கே குறிப்பிடுவது பயன் தரும். முதலாவது கோத்தகிரி. சிறிய மலை ஊர். அதை ஒட்டி 116 ஹெக்டேர் அளவில் லாங்வுட் சோலை. தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் சூழ்ந்த நீலகிரியில் எஞ்சிய பழைய சோலைத் துண்டு அது. கீழுள்ள ஊர்களுக்கு அதுவே நீரின் தாய். விறகுக்கும் ஆக்கிரமிப்புக்கும் அது இரையாகிவந்த காலத்தில் உள்ளூர் மக்களே கண்காணிப்புக் குழு அமைத்து வனத்துறையோடு சேர்ந்து அதைக் காத்தார்கள். பள்ளி மாணவர்கள் சோலைக்குள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். 2024 சனவரியில் அது ராம்சார் தலமாயிற்று. பெரிய காப்பகங்களோடு ஒப்பிட்டால் கைக்குட்டை அளவு நிலம். ஆனால் எந்த மரத்தடியில் ஊற்று தொடங்குகிறது என்பதை நடந்து அறிந்த ஒரு தலைமுறை அதற்கு இருந்தது.

இரண்டாவது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றுகள், சுனைகள், சமணர் படுக்கைகள், தமிழி கல்வெட்டு, குடைவரைக் கோயில் எல்லாம் ஒரே ஊரில். இரண்டே ஆண்டில், 2024 இறுதியில், அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் அறிவிப்பாகியபோது, பாரம்பரியத் தலம் என்ற அரசாணை தானாக எழுந்து நின்று தடுக்கவில்லை. 2025 சனவரியில் ஆயிரக்கணக்கான கிராமத்தார் மதுரையை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது. அவர்கள் தாள்களில் படித்து அறிந்த நிலத்துக்காக நடக்கவில்லை. எந்தச் சுனைக்கு எந்த வழி, எந்தக் குன்றில் எந்தத் தெய்வம் என்று காலால் அறிந்த நிலத்துக்காக நடந்தார்கள். அறிவிப்பு நிலத்துக்கு ஒரு பெயரைத் தந்தது. அதைக் காத்தது அந்தப் பழக்கம்.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் இரண்டு வலுவானவை. பாதைக்குப் பெயர் கொடுத்தால் அது சுற்றுலாத்தலமாகும், வாடகை ஏறும், குடியிருப்பவர் வெளியேறுவர் என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. யூதத் தெருவின் மிளகுக் கிடங்குகள் பழம்பொருள் கடைகளாக மாறியதும், கோட்டைக் கொச்சியில் வீடுகள் விருந்தினர் விடுதிகளானதும் நம் கண்ணெதிரே நிகழ்ந்தவை. 2012 முதல் நடந்துவரும் கொச்சி முசிறி பினாலே பண்டகசாலைகளுக்குப் புதுவாழ்வு தந்தது. கூடவே அவற்றின் சந்தை மதிப்பையும் ஏற்றியது. ஆனால் இதற்கான தீர்வு வழிகளைப் பதியாமல் மறைத்து வைப்பதாக இருக்க முடியாது. பதியாத வழியே முதலில் விழுங்கப்படுகிறது. விடுதிக்காரர் தன் முற்றத்தை நீட்டி ஒரு சந்தை அடைத்தால், அது பொதுவழி என்று காட்ட ஆவணம் இல்லாத ஏழை எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

பாதையை மீட்பது என்ற பெயரில் தோட்டோரக் குடிசைகளை இடிப்பார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் முதல் மறுப்பை விட முக்கியமாகக் கருதுகிறேன். 2020 சனவரியில் மரடில் காயற்கரை விதிகளை மீறிய நான்கு அடுக்குமாடித் தொகுப்புகள் உச்ச நீதிமன்ற ஆணைப்படி தகர்க்கப்பட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. செல்வந்தர் கட்டியவை ஆதலால் அது செய்தியாயிற்று. தோட்டுப் புறம்போக்கில் தகரக் கூரை போட்டவர் அகற்றப்பட்டால் அது வெறும் 'ஆக்கிரமிப்பு அகற்றம்'. ஆகவே கணக்கெடுப்பு எனும்போது குடியிருப்பவரையும் வழியின் பகுதியாகவே எண்ண வேண்டும். தோட்டின் கரையில் குடியிருப்பவரே அதில் பெரும்பாலும் நடப்பவர். வழி அவர்களுக்கு எதிரானது அன்று. அவர்கள் பெயரால் கேட்கப்படுவது. இடிப்புக்கான வரைபடமாக அந்தக் கணக்கு மாறாமல் இருக்க, அதை எழுதும் பொறுப்பு வார்டு சபையிடமே இருக்க வேண்டும்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்று இங்கே உதவும். 1932இல் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஆலைத்தொழிலாளர்கள் நிலவுடைமையாளரின் தடையை மீறி நடந்தார்கள். சிலர் சிறை சென்றார்கள். அதற்குப் பதினேழு ஆண்டு கழித்து, 1949இல் இயற்றப்பட்ட சட்டம், பொதுவழிகள் அனைத்தையும் வரைபடத்தில் குறிக்கும் கடமையை உள்ளாட்சி மன்றங்களின் மேல் சுமத்தியது. அவ்வரைபடத்தில் ஏறிய வழியை உடைமையாளர் தாமாக மூட முடியாது. அங்கே நிலம் தனியாருடையதாகவே இருக்கிறது; அதன் மேல் நடக்கும் உரிமை பொதுவாக இருக்கிறது. உடைமையையும் நடையுரிமையையும் பிரித்துப் பார்க்கும் இந்தச் சட்டநோக்கு நமக்கும் புதிதன்று. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், இருபது ஆண்டு இடையறாது பயன்படுத்திய வழியில் உரிமை பிறக்கிறது என்கிறது. அரசு நிலமானால் முப்பது ஆண்டு. ஊர் வழக்காறு வழியாகப் பிறக்கும் உரிமையையும் அதே சட்டம் ஏற்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று கூறியது. ஆக, சட்டம் இருக்கிறது. எந்த வழியில் யார் எவ்வளவு காலமாக நடந்தார்கள் என்ற சான்றுதான் இல்லை.

அந்தச் சான்றைத் திரட்ட ஏற்ற கருவியும் கையில் உள்ளது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். மரம், செடி, மீன், மருத்துவ அறிவு என அதில் பல அட்டவணைகள். அவற்றோடு வழிகளுக்கென ஓர் அட்டவணையைச் சேர்ப்பதற்குப் புதுச்சட்டம் தேவையில்லை. வழியின் பெயர், தொடக்கம், முடிவு, அகலம், நடப்பவர் யார், எதற்காக, எந்தப் பருவத்தில், எப்போது முதல், இப்போது எங்கே அடைபட்டுள்ளது என்ற ஒன்பது கேள்விகள் போதும். கொச்சி மாநகராட்சியின் மேற்கு வார்டுகளிலும் கும்பளங்கி, செல்லானம் ஊராட்சிகளிலும் இதைத் தொடங்கினால், அடுத்த நகரத் திட்டமோ நடைபாதை ஒப்பந்தமோ வரும்போது மேசையின் மேல் வைக்க ஓர் ஆவணம் இருக்கும். தோபி கானா மைதானத்தின் பயன்பாட்டு எல்லையும், கடவுச் சந்துகளின் அகலமும், வரம்பு வழிகளும் அதில் இருக்கும். மங்களவனம் போன்ற இடங்களில் 'இங்கே நடக்க வேண்டாம்' என்பதும் அதே பதிவேட்டில் அதே மக்கள் எழுதும் முடிவாக இருக்கும்.

இதில் பல்கலைக்கழகத்தாரின் பங்கு என்ன? பாரம்பரிய நடை என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் மாணவர்களை அரண்மனைக்கும் தொழுகைக்கூடத்துக்கும் அழைத்துச் செல்கிறோம்; விளக்குகிறோம்; திரும்புகிறோம். அந்த நடை நம் அறிவுக்காக. ஊருக்கு அதனால் எழுத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு பருவத்தின் களப்பணியை இந்த ஒன்பது கேள்விகளுக்கு ஒதுக்கலாம். வரலாறு பயில்வோர் பழைய நில அளவைப் படங்களோடு ஒப்பிடலாம். மொழியியல் பயில்வோர் வழிகளின் பெயர்களைச் சேகரிக்கலாம். தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி, உருது என இத்தனை மொழிகள் புழங்கும் சிறிய ஊரில் ஒரே சந்துக்கு எத்தனை பெயர் இருக்கும் என்பதே தனி ஆய்வு. சட்டம் பயில்வோர் முப்பது ஆண்டுப் பயன்பாட்டுக்கு முதியோரின் வாக்குமூலங்களைப் பதியலாம். தாமதிக்க இயலாத பணி அது. ஒரு வழியின் சாட்சிகள் அதில் நடந்தவர்கள், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

நிலத்துக்குப் பட்டா உண்டு, கட்டடத்துக்கு வரைபட அனுமதி உண்டு, மரத்துக்குக்கூட எண் எழுதுகிறோம். மட்டாஞ்சேரியின் கடவுச் சந்துக்கும் கும்பளங்கியின் வரம்புக்கும் ஒரு வரி எழுதித் தருவது ஆய்வாளர்களால் இயலும் செயல். எர்ணாகுளம், கோட்டயம், கோவை, மதுரை எனப் பல வளாகங்களில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பாதுகாக்கப்பட்ட நிலம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்; அதற்குள்ளும் அதைச் சுற்றியும் யார் நடந்தார்கள், இப்போது யார் நடக்க முடியவில்லை என்று கேட்டு எழுதுங்கள். அறிவிப்புப் பலகையில் இல்லாத செய்தி அதில் கிடைக்கும்.

பின்னூட்டத்தில் உங்கள் ஊரின் அடைபட்ட வழிகளைக் குறிப்பிடுங்கள். பெயர், இடம், எப்போது அடைபட்டது என்ற மூன்றும் போதும்.